மார்கோ வான் பாஸ்டன்: 28 வயதில் முடிந்த ஆட்டத்துக்கு யார் பொறுப்பு?

மைதானமூலை (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம் நண்பர்களே. 1993 மே 26 அன்று மியூனிக் ஒலிம்பிக் அரங்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை நேற்று இரவு முழுவதுமாக மீண்டும் பார்த்தேன். முதல் பாதி முடியும் தறுவாயில் பிரான்சின் மார்சே கழகத் தடுப்பாளர் பசில் பொலி தலையால் முட்டிய பந்தில் இத்தாலியின் ஏசி மிலான் 0-1 எனப் பின்தங்கியிருக்கிறது; ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கின்றன; கோல் அடித்தே தீர வேண்டிய அந்த நேரத்தில் மிலான் வெளியே அழைத்துக்கொண்டவரோ நெதர்லாந்தின் முன்கள வீரர் மார்கோ வான் பாஸ்டன். அப்போது அவருக்கு வயது 28. அதன்பிறகு அவர் ஒரு போட்டியிலும் களமிறங்கவில்லை என்பது தெரிந்திருந்ததாலோ என்னவோ, அவர் எல்லைக்கோட்டை நோக்கி நடந்துவரும் இடத்தை மட்டும் நான்கைந்து முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

இத்தாலியத் தடுப்பாட்டக்காரர்கள் பின்னாலிருந்து வெட்டி வெட்டியே அவருடைய கணுக்காலை முடித்துவிட்டார்கள் என்பதுதான் நான் சிறுவயதிலிருந்து கேட்டுவந்த கதை. பின்னாலிருந்து வந்து எதிராளியின் உடலுக்கு ஆபத்து விளைவிக்கும் டேக்கிளுக்கு (பந்தைப் பறிக்கக் காலை நீட்டிப் பாய்வதற்கு) சிவப்பு அட்டை என்ற கண்டிப்பு 1998 உலகக் கோப்பையின்போது வந்ததற்கே அவர்தான் காரணம் என்றுகூடச் சொல்வார்கள். இதில் எவ்வளவு உண்மை என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

உத்ரெக்ட்வாசி:

நண்பரே, நான் பன்னிரண்டு ஆண்டுகளாக உத்ரெக்ட் நகரில் வசிக்கிறேன். வான் பாஸ்டன் 1964 அக்டோபர் 31 அன்று பிறந்த ஊர் இதுதான். ஆம்ஸ்டர்டாம் கழகமான அயாக்ஸுக்குப் போவதற்கு முன் அவர் ஆடிய எலிங்க்வைக் கழகமும் இங்கேதான், நகரின் வடமேற்கே இருக்கிறது. நீங்கள் கேட்டுவந்த கதையை இங்குள்ள பழைய ரசிகர்களிடம் சொன்னால் அவர்கள் முதலில் செய்வது அதைத் திருத்துவதுதான். கணுக்கால் கெட்டது இத்தாலியில் அல்ல. 1986 டிசம்பரில், அயாக்ஸுக்காக குரோனிங்கன் அணியுடன் ஆடும்போது கெட்டது. அதிலும் எவரும் அவரை வெட்டவில்லை. எதிரணி வீரரை நோக்கி டேக்கிள் செய்யப் பாய்ந்தவர் வான் பாஸ்டனே. அடி பட்டதும் அவருக்கே.

அந்தப் பருவத்தில் அயாக்ஸின் பயிற்சியாளர் யோஹான் கிரைஃப். 1982 ஏப்ரலில் பதினேழு வயதுச் சிறுவனாக வான் பாஸ்டன் முதல்முறை அயாக்ஸுக்காக இறங்கியபோது, அவருக்கு இடம் விட்டு வெளியேறியவரும் இதே கிரைஃப்தான். அன்று சிறுவன் ஒரு கோலும் அடித்தான். அப்படிப்பட்ட உறவு அது. காயத்துக்குப் பின் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள் என்று வான் பாஸ்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்: பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம், சில லீக் ஆட்டங்களை விட்டுவிடலாம், ஆனால் ஐரோப்பியக் கழகப் போட்டிகளுக்கு வந்துவிட வேண்டும். 1987 மே மாதம் ஏதென்ஸில் லோகோமோட்டிவ் லைப்சிக் அணிக்கு எதிரான கோப்பை வெற்றியாளர் கோப்பையின் (உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற ஐரோப்பியக் கழகங்கள் மோதிய தொடரின்) இறுதியாட்டத்தில் அயாக்ஸ் 1-0 என வென்றது. அந்த ஒரே கோலைத் தலையால் முட்டி அடித்தவர் வலியோடு ஆடிக்கொண்டிருந்த அணித்தலைவர் வான் பாஸ்டன். கோப்பை கிடைத்தது, ஆனால் கணுக்காலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஓய்வு கிடைக்கவில்லை.

மைதானமூலை:

திருத்தத்துக்கு நன்றி. முப்பது ஆண்டுகளாகத் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என் மகனிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

எண்கணக்கு:

விவாதம் உணர்ச்சிவசப்படுவதற்கு முன் சில எண்களை வைத்துவிடுகிறேன். அயாக்ஸில் 133 லீக் ஆட்டங்களில் 128 கோல்கள். 1984 முதல் 1987 வரை தொடர்ந்து நான்கு பருவங்களில் நெதர்லாந்து லீக்கின் அதிகக் கோலடித்தவர்: 28, 22, 37, 31. அந்த 37 கோல்களை அவர் 26 ஆட்டங்களில் அடித்தார்; ஐரோப்பிய லீக்குகளில் அதிகக் கோலடித்தவருக்கான தங்கக் காலணி அவருக்கு வந்தது; ஸ்பார்ட்டா ரொட்டர்டாமுக்கு எதிராக ஒரே நாளில் ஆறு கோல்கள். அவ்வளவும் செய்து, அயாக்ஸ் மொத்தம் 120 கோல்கள் அடித்த அந்த 1985-86 பருவத்தில் லீக்கை வென்றதோ பிஎஸ்வி ஐந்தோவன். மிலானில் 147 லீக் ஆட்டங்களில் 90 கோல்கள். நாட்டுக்காக 58 ஆட்டங்களில் 24 கோல்கள்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாட்டு அணிக்கான அவருடைய பெயர் முழுக்க 1988இன் ஒரு பத்து நாட்களில் நிற்கிறது. 1986 உலகக் கோப்பைக்கு நெதர்லாந்து தகுதி பெறவில்லை. அது அவர் குற்றம் அன்று. ஆனால் 1990 உலகக் கோப்பையில் நான்கு ஆட்டங்கள் ஆடி ஒரு கோல்கூட இல்லை. நாடுகளுக்கான 1992 ஐரோப்பியக் கோப்பையிலும் ஒரு கோல்கூட இல்லை; டென்மார்க்குடனான அரையிறுதி 2-2 என முடிந்து பெனால்டிக்குப் போனபோது, தவறவிட்ட ஒரே வீரர் அவர்தான், பீட்டர் ஷ்மைக்கல் தடுத்துவிட்டார். ஆண்டின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருதை மூன்று முறை வென்றவரிடம் இதைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

பழையரசிகன்:

எண்கணக்கு தம்பி, அந்தப் பத்து நாட்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். அந்தப் பத்து நாட்களைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1988 ஜூனில் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பைக்காக மேற்கு ஜெர்மனிக்கு அவர் போனபோது அணியில் இடமே உறுதியில்லை. மிலானில் அவருடைய முதல் பருவத்தின் பெரும்பகுதி அறுவை சிகிச்சையிலும் மீள்வதிலும் கழிந்திருந்தது. லீக்கில் 11 ஆட்டங்கள், மூன்று கோல்கள், அவ்வளவுதான். பயிற்சியாளர் ரைனஸ் மிஹெல்ஸ் 9ஆம் எண் சட்டையை யான் போஸ்மனுக்குக் கொடுத்தார். வான் பாஸ்டனுக்குக் கிடைத்தது 12. சோவியத் ஒன்றியத்துடனான முதல் ஆட்டத்தில் அவர் மாற்று வீரராகத்தான் வந்தார், நெதர்லாந்து 0-1 எனத் தோற்றது. அதன்பின் ஜூன் 15 அன்று டூசல்டார்ஃபில் இங்கிலாந்துக்கு எதிராகத் தொடக்கத்திலேயே இறக்கினார்கள். மூன்று கோல்கள். முதல் கோலில் பந்தை வாங்கிய அதே அசைவில் இங்கிலாந்துத் தடுப்பாளர் டோனி ஆடம்ஸைச் சுற்றிக்கொண்டு திரும்புவதைப் பாருங்கள்; ஆடம்ஸ் நின்ற இடம் சரிதான், ஆனால் அவர் காவல் காத்த ஆள் அங்கே இல்லை.

ஜூன் 21, ஹாம்புர்க், அரையிறுதி. 1974 உலகக் கோப்பை இறுதியாட்டத் தோல்வியை மறக்காத ஒரு நாட்டுக்கு மேற்கு ஜெர்மனியுடனான ஆட்டம் வெறும் அரையிறுதி அன்று. ஜெர்மனிக்கு மத்தேயஸ் ஒரு பெனால்டி, நெதர்லாந்துக்குக் கூமன் ஒரு பெனால்டி, 1-1. ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிடங்கள் இருக்கும்போது யான் வவுட்டர்ஸ் தள்ளிவிட்ட பந்துக்கு வான் பாஸ்டனும் ஜெர்மன் தடுப்பாளர் யூர்கன் கோலரும் ஒன்றாகச் சறுக்குகிறார்கள். கோலருடைய கால் சென்று சேர்வதற்கு ஒரு கணம் முன்பே பந்து தொலைக் கம்பத்தின் ஓரமாக உள்ளே உருண்டுவிட்டது.

ஜூன் 25, மியூனிக், இறுதியாட்டம், மீண்டும் சோவியத் ஒன்றியம். ரூட் குல்லிட் ஏற்கெனவே தலையால் முட்டி ஒன்று அடித்துவிட்டார். 54ஆம் நிமிடம். வான் டிஹலன் பந்தைப் பறித்துக்கொண்டு முன்னேறி இடப்பக்கத்தில் அர்னால்ட் மூரனிடம் கொடுக்கிறார். மூரனுக்கு அப்போது வயது 37. அவர் பந்தை நிறுத்தாமல், ஒரே தொடுதலில், மைதானத்தின் குறுக்காக மிக உயரத்தில் தூக்கிவிடுகிறார். உண்மையைச் சொன்னால் அது நல்ல கிராஸ் அன்று. தேவைக்கு மேல் நீளமானது. வான் பாஸ்டன் இருக்கும் இடமோ பெனால்டிப் பெட்டியின் வலது ஓரம், கோல் கோட்டோடு ஏறக்குறைய ஒட்டிய கோணம். அந்த இடத்தில் பந்தை மார்பில் வாங்கி நிறுத்தி, ஆள் வருவதற்குக் காத்திருப்பதுதான் எவரும் செய்யக்கூடியது. அவர் அதைத் தரையில் விழவிடவே இல்லை. உடலை இடப்பக்கம் சாய்த்து, வலது காலை இடுப்புயரத்துக்குக் கொண்டுவந்து, பந்தின் மேல்பகுதியில் படும்படி அடிக்கிறார். பந்து ரினாத் தசாயெவின் தலைக்கு மேலாகப் போய்த் தொலைவுப் பக்கத்து வலைக்குள் இறங்குகிறது. அன்றைய உலகின் மிகச் சிறந்த கோல் காப்பாளர்களுள் ஒருவர் தசாயெவ். அவர் கை தூக்கினார், அவ்வளவே முடிந்தது. ஓரத்தில் மிஹெல்ஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கிறார். தான் கண்டதை நம்ப முடியாதவர் செய்யும் செய்கை அது.

நெதர்லாந்து ஆண்கள் அணி இதுவரை வென்ற ஒரே பெரிய கோப்பை அது. ஐந்து கோல்களோடு அந்தத் தொடரின் அதிகக் கோலடித்தவர் 12ஆம் எண் சட்டைக்காரர். இதைப் பத்து நாள் புகழ் என்று கழித்துவிட்டால் கால்பந்தில் கழிக்காமல் விடுவதற்கு என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை.

எண்கணக்கு:

ஐயா, அந்தக் கோலைப் பற்றி எனக்கு எந்த மறுப்பும் இல்லை. 1990ஐப் பற்றி மட்டும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பழையரசிகன்:

சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லாததால் சொல்லவில்லை. எகிப்துடன் 1-1, இங்கிலாந்துடன் 0-0, அயர்லாந்துடன் 1-1, பிறகு மிலான் நகரில், அவருடைய சொந்தக் களமான சான் சிரோவிலேயே, மேற்கு ஜெர்மனியிடம் 1-2. நெதர்லாந்தின் ரைகார்ட் ஜெர்மனியின் ஃபோலர் மீது துப்பியதைத் தவிர அந்த ஆட்டத்திலிருந்து உலகம் எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை. கோலர் அன்று வான் பாஸ்டனை நகரவே விடவில்லை. அந்தத் தொடரில் நெதர்லாந்து அணி மொத்தமும் தன் நிழலைப் போல ஆடியது. அவரும் அதற்கு விலக்கல்லர்.

இயன்முறை:

நான் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். கணுக்காலோடு வரும் விளையாட்டு வீரர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அவருடைய மருத்துவக் கோப்பை நான் பார்த்தவன் அல்லன் என்பதால், பொதுவாக இந்த வகைக் காயம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கணுக்கால் மூட்டில் கீழ்க்கால் எலும்பும் பாதத்தின் மேலெலும்பும் ஒன்றன்மீது ஒன்று அமர்கின்றன. இரண்டின் முனையிலும் ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுக்கு வழவழப்பான குருத்தெலும்பு உண்டு. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே தோலைப் போலவோ எலும்பைப் போலவோ அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. தசைநார் கிழிந்து மூட்டு தளர்ந்த நிலையில் ஒருவர் தொடர்ந்து ஆடினால், ஒவ்வொரு திரும்பலிலும் அந்த மெல்லிய பரப்பு கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்கிறது. தேய்ந்த இடத்தின் ஓரங்களில் எலும்பு முளைவிடும். அது இடிக்கும்போது வலிக்கும். அறுவை செய்து செதுக்கி எடுத்தால் சில மாதங்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு திரும்பி வராது. காயத்துக்குப் பின் மூன்று நான்கு ஆண்டுகள் ஒருவர் உச்சத்தில் ஆடுவதும், பிறகு திடீரென்று எல்லாம் கைவிட்டதைப் போலத் தோன்றுவதும் இதனால்தான். உண்மையில் அது திடீரென்று நடப்பதில்லை. வலி ஓர் அளவைத் தாண்டும்வரை வீரர் தன் உடலோடு பேரம் பேசிக்கொண்டே இருக்கிறார்.

ஆகவே 1986இல் என்ன நடந்தது என்பதைவிட, 1987இன் முதல் ஐந்து மாதங்களில் என்ன நடக்காமல் போனது என்பதே என் பார்வையில் பெரிது.

மைதானமூலை:

அப்படியானால் கிரைஃப்தான் பொறுப்பு என்கிறீர்களா?

உத்ரெக்ட்வாசி:

அப்படி நேராகச் சொல்லிவிட முடியாது. அணித்தலைவராக இருந்த 22 வயது இளைஞர், மிலானுக்குப் போவது உறுதியான நிலையில், தன் கழகத்துக்கு ஒரு கோப்பையாவது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று தானே விரும்பியிருப்பார். கிரைஃப் மீது வான் பாஸ்டனுக்கு மனக்குறை இருந்தது. ஆனாலும் கடைசிவரை அவரைப் போற்றியவர்களில் ஒருவரும் அவரே. இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பதை இந்த ஊர்க்காரர்கள் புரிந்துகொள்கிறார்கள். இணையத்தில்தான் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.

தடுப்பாட்டக்காரர்கள் குற்றமற்றவர்கள் என்றும் சொல்ல வரவில்லை. அன்றைய இத்தாலியில் முன்கள வீரரின் குதிகாலை மிதிப்பது தடுப்பாட்டத்தின் பாதி. ஏற்கெனவே தேய்ந்த மூட்டின் மீது அந்த அடிகள் விழுந்தன. ஆனால் விதி மாறியது அவர் ஒருவருக்காக என்பது மிகை. 1990 உலகக் கோப்பை அவ்வளவு சலிப்பூட்டியதற்குப் பிறகு, தாக்கி ஆடுபவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஃபிஃபாவுக்குப் பல வழிகளில் வந்தது. 1992இல் காப்பாளருக்குப் பின்னோக்கித் தட்டிவிடும் பந்தைக் கையால் பிடிக்கத் தடை விதித்ததும் அந்த வரிசையில் வந்ததுதான்.

பழையரசிகன்:

இவ்வளவு வலியின் நடுவே அவர் மிலானில் என்ன செய்தார் என்பதை ஒருவரும் எழுதவில்லை. 1989இல் கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பையின் (பின்னாளில் சாம்பியன்ஸ் லீக் ஆனது) அரையிறுதியில் ரியல் மாட்ரிட் சான் சிரோவில் 0-5 எனத் தோற்றது. ஐந்தில் ஒன்று இவருடையது. பார்சிலோனாவில் நடந்த இறுதியாட்டத்தில் ஸ்டேயாவா புக்கரெஸ்ட் 0-4; குல்லிட் இரண்டு, இவர் இரண்டு. 1988 பலோன் தோர் வாக்கெடுப்பில் முதல் மூன்று இடங்களில் வான் பாஸ்டன், குல்லிட், ரைகார்ட்: மூவரும் நெதர்லாந்துக்காரர்கள், மூவரும் மிலான்காரர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய முழு உருவத்தைக் காட்டுவது 1991-92தான். அதுவரை மிலானின் பயிற்சியாளராக இருந்த அரிகோ சாக்கியின் கண்டிப்பான பயிற்சிமுறையோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. சாக்கி இத்தாலிய அணிக்குப் போய் ஃபாபியோ கபெல்லோ வந்தபின் மிலான் 34 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது, 22 வெற்றி, 12 சமநிலை. வான் பாஸ்டன் 25 கோல்கள் அடித்தார். ஒரு பருவத்தில் 15 கோல் அடித்தாலே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய லீக் அது. துரதிர்ஷ்டம், முந்தைய ஆண்டு மார்சேயில் விளக்குக் கோளாறைக் காரணம் காட்டி ஆட்டத்தைத் தொடர மறுத்ததற்காக மிலானுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் ஓராண்டுத் தடை. ஆகவே அவருடைய உச்சத்தை ஐரோப்பா நேரில் பார்க்கவில்லை.

எண்கணக்கு:

இதற்கு நானே ஆதாரம் தருகிறேன். 1992-93இல் லீக்கில் வெறும் 15 ஆட்டங்கள், 13 கோல்கள். நவம்பரில் நேப்பிள்ஸ் போய் நாப்போலிக்கு எதிராக நான்கு. அதே மாதம் 25ஆம் தேதி ஐஎஃப்கே கோத்தன்பர்க்கிற்கு எதிராக இன்னொரு நான்கு. சாம்பியன்ஸ் லீக் என்ற பெயர் வந்தபின் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்த முதல் வீரர் அவரே. அதில் ஒன்று சைக்கிள் கிக் (பின்புறம் சாய்ந்து எழும்பித் தலைக்கு மேலாகக் காலால் அடிப்பது). அடுத்த மாதமே மூன்றாவது பலோன் தோர். அதே டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் மீண்டும் அறுவை சிகிச்சை. நான் மேலே சொன்னதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் கழக ஆட்டத்தில் அவரோடு ஒப்பிடத்தக்கவர்கள் மிகச் சிலரே என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இயன்முறை:

அந்த டிசம்பர் மாதம்தான் எனக்கு வருத்தம் தருவது. உலகின் சிறந்த வீரர் என்று அறிவிக்கப்பட்டவர் கத்தியின் கீழ் படுக்கிறார், ஏப்ரலில் திரும்புகிறார், மே மாதம் அங்கோனாவுக்கு எதிராக ஒரு கோல் அடிக்கிறார், அதுவே கடைசிக் கோல். மியூனிக் இறுதியாட்டத்துக்குப் பிறகு பெல்ஜியத்தில் இன்னோர் அறுவை சிகிச்சை. பின்னர் மூட்டின் இரண்டு எலும்புகளையும் சற்றே பிரித்து வைத்துக் குருத்தெலும்புக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதற்காக, எலும்பினூடே கம்பிகளைச் செலுத்திக் காலைச் சுற்றிப் பொருத்தும் உலோகச் சட்டகத்தையும் அணிந்தார். அந்த நாட்களில் இரவில் கழிப்பறைக்குத் தவழ்ந்துபோனதாக அவரே 2019இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இறுதியில் 1996இல் மூட்டை அசையாதபடி இணைத்துவிட்டார்கள். மூட்டு மடங்காது, ஓட முடியாது. ஆனால் வலி போய்விடும். என் நோயாளிகளில் இந்த முடிவை எடுத்தவர்கள் எல்லோரும், இதை முன்பே செய்திருக்கலாமே என்றுதான் சொல்கிறார்கள். விளையாட்டு வீரர் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார்.

புதியவன்88:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அவர் பயிற்சியாளராகவும் இருந்தாரே, அதையும் வாழ்க்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

பழையரசிகன்:

சேர்க்கலாம், ஆனால் நீளமாக எழுத ஒன்றுமில்லை. 2004 முதல் 2008 வரை நெதர்லாந்து அணிக்குப் பயிற்சியளித்தார். 2006 உலகக் கோப்பையில் போர்ச்சுகலிடம் தோற்ற ஆட்டத்தில் 16 மஞ்சள் அட்டைகளும் நான்கு சிவப்பு அட்டைகளும் பறந்தன. 2008 ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலியை 3-0, பிரான்சை 4-1 என்று வீழ்த்தியபோது எல்லோரும் எழுந்து உட்கார்ந்தோம். காலிறுதியில் ஹூஸ் ஹிடிங்கின் ரஷ்யா கூடுதல் நேரத்தில் 3-1 என அனுப்பிவைத்தது. பிறகு அயாக்ஸ், ஹேரன்வேன், ஏஇசட் ஆகிய நெதர்லாந்துக் கழகங்கள். 2014இல் ஏஇசட்டில் தலைமைப் பொறுப்பின் அழுத்தம் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தானே விலகித் துணைப் பயிற்சியாளராக இருக்க ஒப்புக்கொண்டார். அவ்வளவு பெரிய பெயர் உள்ளவர் இரண்டாம் நாற்காலியில் அமரச் சம்மதித்தது எனக்குப் பிடித்திருந்தது.

மைதானமூலை:

நான் தேடிய விடை கிடைத்ததா என்று கேட்டால், கேள்வியே மாறிவிட்டது என்பேன். யாரோ ஒருவர் அவர் காலை உடைத்தார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்; இப்போது பார்த்தால் ஒவ்வொருவரும், அவர் உட்பட, இன்னும் ஓர் ஆட்டம் மட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக ஒரு வேண்டுகோள்: விடைபெற்ற நாளைப் பற்றி யாராவது எழுதுங்கள்.

உத்ரெக்ட்வாசி:

1995 ஆகஸ்ட். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு போட்டியிலும் ஆடாமல், திரும்புவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், முப்பதாவது வயதில் ஓய்வை அறிவித்தார். மறுநாள் சான் சிரோவில் யுவென்டஸுடன் பருவத் தொடக்க நட்பாட்டம். ஆட்டத்துக்கு முன் அவர் மைதானத்தைச் சுற்றி வந்தார். காற்சட்டையும் காலணியும் அணிந்த ஆட்டக்காரராக அல்ல. ஜீன்ஸும் சட்டையும், மேலே ஒரு மென்தோல் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு, தலைக்கு மேல் கைதட்டியபடி, மெதுவான ஓட்டத்தில். ஓரத்து இருக்கையில் கபெல்லோ அழுதுகொண்டிருந்தார். எதற்கும் முகம் இளகாதவர் என்று பெயரெடுத்த கபெல்லோ. அந்தக் காணொளி கிடைத்தால் அவர் ஓடும் விதத்தை மட்டும் கவனியுங்கள், இயன்முறை நண்பர் சொன்னது அப்படியே தெரியும்: ஒரு காலைப் பாதுகாத்துக்கொண்டு ஓடுகிறார்.